பிறைக்கு இரண்டு சாட்சி

கிதுரு முகைதீன் பொய் சொல்வார் என்று யாராவது சொன்னால், சங்குமால்பட்டினம் சொன்னவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கும். அதிலும் வானத்தைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம். பதினெட்டு வருடம் கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். மற்றவர்கள் சீட்டாடிய நேரத்தில் மேல்தளத்தில் மல்லாந்து படுத்து நட்சத்திரம் பார்த்தவர். ஊர் திரும்பியபோது எல்லோரும் சென்ட் பாட்டிலும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு பழைய தொலைநோக்கியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். மனைவி மைமூன் பீவி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் ஊர் மகிழ்ந்தது. பிறை பார்க்கும் கமிட்டிக்கு ஒரு கண் கிடைத்துவிட்டது.

அந்தக் கண் ஐம்பத்தேழாவது வயதில் போனது. விழித்திரை காய்ந்துவிட்டது என்றார்கள். ஒரு வருடம் மைமூன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்வந்தார். பிறகுதான் யந்திரக் கண் வைத்தார்கள்: மூக்குக்கண்ணாடியின் நடுவில் ஒரு கேமரா, விழிக்குள் அரிசியளவு சில்லு. அப்போதே ஊரில் நாலைந்து பேருக்கு இருந்தது, அதிசயம் ஒன்றுமில்லை. வைத்த அன்று மாலை மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தவர், கார்த்திகைக் கூட்டத்தில் ஏழு நட்சத்திரத்தையும் எண்ணிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நல்ல கண் இருந்த நாளிலேயே அவரால் ஆறுக்கு மேல் எண்ண முடிந்ததில்லை.

அது நடந்து ஆறு வருடமாகிறது. இந்த ரமலான் இருபத்தொன்பதாம் நோன்பு மாலை, ஊரே மேற்கே உப்பளக் கரையில் கூடி நின்றது. அன்றைக்குப் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு. கணக்குப் போட்டுச் சொல்வது இந்த ஊரில் செல்லாது. கண்ணால் பார்த்த இரண்டு பேர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். இருநூறு பேர் கழுத்து வலிக்கப் பார்த்தும் ஒருவருக்கும் ஒன்றும் தென்படவில்லை. கலைகிற நேரத்தில் கிதுரு விரலை நீட்டினார்.

"அதோ. மேகத்துக்கு இந்தாண்ட. நல்லாத் தெரியுது."

கரையின் அந்தக் கோடியில் நின்ற இன்னொரு குரலும் அதே நேரத்தில் "பிறை!" என்றது. பக்கீர் மரைக்காரின் குரல். படகுக்காரர். என்ஜின் வெடித்துக் கண் போனபின் அவருக்கும் யந்திரக் கண்தான். கூட்டம் ஒரு நொடி அடங்கிப்போனது. ஏனென்றால் இந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

கமிட்டித் தலைவர் யூனுஸ் ஆலிம் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்து விசாரித்தார். தொடுவானத்திலிருந்து எத்தனை விரல் உயரம், எவ்வளவு நேரம் நின்றது, எந்தக் கொம்பு ஏறியிருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு பேரும் நாலு விரல் என்றார்கள். இரண்டு பேரும் வடக்குக் கொம்பு என்றார்கள். யந்திரக் கண்ணால் பார்த்தால் செல்லுமா என்று யாரோ இழுத்தபோது, மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்ப்பது செல்லும்போது இது ஏன் செல்லாது என்று ஆலிம்சா கேட்டார். அதற்குமேல் அவர் சொன்னதுதான் ஊரில் பேச்சாகிவிட்டது.

"மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துக்காத ரெண்டு பேரு ஒரே மாதிரி சொல்றாங்க. இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கேருந்து கிடைக்கும்?"

பெருநாள் அறிவிக்கப்பட்டது.

அவர்கள் பேசிக்கொள்ளாமல் போனதும் ஒரு பிறையால்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு ரமலானில், பக்கீரும் அவர் படகில் இருந்த இன்னொருவரும் கடலிலிருந்து ஓடிவந்து பிறை பார்த்தோம் என்றார்கள். விசாரித்தவர் கிதுரு. எந்தக் கொம்பு மேலே என்று கேட்டார். வடக்கு என்றார் பக்கீர். கிதுருவின் நோட்டுப்புத்தகத்தில், முந்தைய மாதங்களில் தொலைநோக்கி வழியாகப் பார்த்து அவரே வரைந்த படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் தெற்குக் கொம்புதான் ஏறியிருந்தது. "இவங்க பார்த்தது பிறையில்ல, ஏரோப்ளேன் விட்ட புகை" என்று சபையில் சொல்லிச் சிரித்தார். சபையும் சிரித்தது. அடுத்த ஊர்களில் பெருநாள் தொழுகை நடந்துகொண்டிருந்தபோது, அவர்களும் ஏமாந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு சங்குமால்பட்டினம் நோன்போடு இருந்தது. படகில் இருந்த மற்றவன் அடுத்த மாதமே மலேசியாவுக்குப் போய்விட்டான். பக்கீர் எங்கே போவார்? "புகைப்பிறை பக்கீர்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீடுகளில் பெண்கள் அவருடைய உம்மாவைப் பார்த்து, உன் மகன் பார்த்த பிறை வளர்ந்துருச்சா என்று கேட்டார்கள். அந்த அம்மாள் வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டாள். மூன்று வருடத்தில் மவுத்தாகிவிட்டாள்.

இதில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அடுத்த மாதப் பிறையை கிதுரு முதலில் வெறுங்கண்ணால் பார்த்தார், பிறகு தொலைநோக்கியில் பார்த்தார். கொம்பு இடம் மாறியிருந்தது. தொலைநோக்கியின் வளைந்த கழுத்துக்குள் இருந்த கண்ணாடி, இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி தினமும் செய்கிற வேலைதான். நட்சத்திரம் பார்க்கிறேன் என்று கிளம்பும் கற்றுக்குட்டிகள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வதை, ஊர் மெச்சிய நட்சத்திரக்காரர் கவனிக்கவில்லை. பக்கீர் பார்த்தது சரி. ஓர் ஊரையே பெருநாளன்று நோன்பு பிடிக்க வைத்தது கிதுரு.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாளை வாரமாகி, வாரம் வருடமாகிவிட்டது. சொன்னால் அடுத்த பிறைக்கு யார் அவரை நம்புவார்கள்? ஊருக்கு ஒரு நல்ல கண் வேண்டாமா? இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனிதன் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது.

ஆகவே இந்தப் பெருநாள் தொழுகை முடிந்ததும், நூறு பேர் பார்க்க, பக்கீரைத் தேடிப்போய்க் கட்டித் தழுவினார். பக்கீர் முதலில் விறைத்து நின்றார். பிறகு அவர் தோள் தளர்ந்தது.

"இந்தத் தடவை நம்பிட்டே போலிருக்கே" என்றார் பக்கீர்.

"நீ பார்த்ததை நானும் பார்த்தேனே" என்றார் கிதுரு.

சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிதுருவுக்கு இருபத்திரண்டு வருடப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளாமலே மன்னிப்பு கிடைத்துவிட்டது, இதைவிட சுலபம் உண்டா?

அந்தச் சந்தோஷம் பகல் சாப்பாடு வரைக்கும்தான் நின்றது. பிரியாணிச் சட்டியை எடுத்துவைத்துக்கொண்டே மைமூன் கேட்டாள்.

"ஏங்க, நானும் மாடியிலேருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். மேற்கே சட்டியைக் கவுத்த மாதிரி மூடிக் கிடந்துச்சே. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"யந்திரக் கண்ணு கூர்மை அதிகம்."

"மேகத்துக்குப் பின்னாலயுமா பார்க்கும்?"

யாரோ அனுப்பியிருந்த வீடியோவை மைமூன் போனில் போட்டுக் காட்டினாள். உப்பளக் கரை, கூட்டம், நடுவில் அவர். விரலை நீட்டுகிறார். விரல் நீட்டிய இடத்தில் கருகருவென்று ஒரே மேகம். ஓரமில்லை, இடுக்கில்லை, இந்தாண்டயும் இல்லை அந்தாண்டயும் இல்லை. அவர் முகத்தில் மட்டும் அப்படியொரு நிச்சயம்.

மூன்றாம் நாள் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். கண் சில்லு கம்பெனியின் கிளையில் செண்பகவல்லி என்ற பெண்தான் எப்போதும் அவருக்குப் பார்ப்பாள். பொறுமைசாலி. அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பதுபோலச் சிரித்தாள்.

"சார், உங்க கண்ணுக்குள்ள போறது மொத்தமே ரெண்டாயிரம் புள்ளிதான். அதை வச்சுக்கிட்டு ஒரு கதவு எங்க இருக்குன்னுகூடச் சொல்ல முடியாது. மீதியை நாங்க நிரப்புறோம்."

"நிரப்புறதுன்னா?"

"நீங்க எங்க நிக்கீங்க, மணி என்ன, எந்தத் திசையைப் பார்க்கீங்க, இது எல்லாம் சில்லுக்குத் தெரியும். அந்த இடத்துல என்ன இருக்கணுமோ அதைப் போட்டுக் காட்டும். அதனாலதான் நீங்க படியில விழாம இறங்குறீங்க."

"இருக்கணும்கிறது வேற, இருக்குங்கிறது வேற இல்லையாம்மா?"

"முக்காவாசி ரெண்டும் ஒண்ணுதானே சார்."

கிதுரு நாற்காலியை அவள் மேஜையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"வானம்?"

அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "விண்ணப்பப் பாரத்துல பொழுதுபோக்குன்னு கேட்டிருந்த இடத்துல நட்சத்திரம் பார்ப்பதுன்னு எழுதியிருக்கீங்க. அதனால வானத்தோட படம் மொத்தத்தையும் ஏத்திக் குடுத்திருக்கோம். அது எங்க அன்பளிப்பு. படகுக்காரங்களுக்கும் ஏத்துவோம், திசை தெரியணும்லா?"

"மேகம் மறைச்சா?"

"புள்ளி மங்கலா வந்தா, தன்னோட கோளாறுன்னு சில்லு நினைச்சுக்கிடும். துடைச்சிட்டு, இருக்க வேண்டியதைப் போட்டுரும்."

"அப்ப ஆறு வருசமா நான் எதைம்மா பார்த்தேன்?"

கேட்ட குரலில் செண்பகவல்லியின் சிரிப்பு நின்றுவிட்டது. தேற்ற நினைத்துத்தான் சொன்னாள், பாவம். "வானம் அதேதானே சார். அது என்ன மாறவா போகுது? நீங்க பார்த்தது ஒண்ணும் தப்பில்லையே, எல்லாம் சரியான எடத்துலதான இருந்துச்சு."

கார்த்திகையின் ஏழாவது நட்சத்திரம் அவருக்கு நினைவு வந்தது. அது அவர் கண்ணுக்கு என்றைக்கும் எட்டியதில்லை. யாரோ ஒரு விண்ணப்பப் பாரத்தைப் பார்த்து ஏற்றிக் கொடுத்ததை எண்ணிவிட்டுத்தான் மொட்டைமாடியில் அழுதிருக்கிறார்.

"வானத்தை மட்டும் எடுத்துரும்மா" என்றார்.

"எடுத்தா ஒண்ணுமே தெரியாது சார். வெறும் சாம்பலாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும். எடுத்துரு."

அன்று மாலை பஸ்ஸைவிட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தார். சாம்பல்தான். தெருவும் விளக்குக் கம்பமும் ஜோராகத் தெரிந்தன, அவற்றுக்கு மேலே ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கடலிலும் துணைக்கு வந்த ஒன்று செத்துப்போனதுபோல இருந்தது. உண்மையில் அது செத்து ஏழு வருடம் ஆகிறது, துக்கம்தான் இப்போது வந்திருக்கிறது.

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனார். பக்கீர் கவிழ்த்துப்போட்ட படகின் அடியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். கிதுருவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் கிதுருவுக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

"வா, வா. காலையில நாலு பேரு வந்துட்டுப் போனானுவ. ஹஜ்ஜுப் பெருநாள் பிறைக்கும் நாமதான் சாட்சியாம். பேரன் ஸ்கூல்ல சொல்லிக்கிட்டுத் திரியிறான், பிறை பார்த்த பக்கீரு எங்க பாட்டன்தான்னு. கேட்டுக்கிட்டியா? பிறை பார்த்த பக்கீராம்!"

கிதுரு மணலில் உட்கார்ந்தார். சில்லு செய்யும் வேலையைச் சொன்னார். திருநெல்வேலியில் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். பக்கீரின் கை நின்றது, சுரண்டும் தகடு கையிலேயே இருந்தது.

"அப்ப அன்னைக்குப் பிறை இல்லையா?"

"மேகத்துக்குப் பின்னால இருந்திருக்கும். நாம பார்க்கல. நம்ம ரெண்டு பேருக்குள்ளயும் ஒரே படத்தைத்தான் ஏத்தி வச்சிருக்கான். அதான் ஒத்துப்போச்சு. ரெண்டு சாட்சி இல்ல பக்கீரு, ஒரே சாட்சிதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அடைத்துவைத்தது, ஒரு கதவு திறந்ததும் தானே வந்துவிட்டது. தொலைநோக்கியின் கண்ணாடியைப் பற்றியும் சொன்னார். வடக்குக் கொம்புதான் சரி என்றும் சொன்னார்.

பக்கீர் தகட்டை மணலில் போட்டார்.

"எப்பத் தெரிஞ்சது உனக்கு?"

"அடுத்த மாசமே."

"அடுத்த மாசமே." பக்கீர் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "எங்க உம்மா அதுக்கப்புறம் மூணு வருசம் உசுரோட இருந்துச்சு கிதுரு. உன் வூட்டுக்கும் என் வூட்டுக்கும் நடுவுல ஒரு தெருதான். மவுத்தாப்போற அன்னைக்கும் என்கிட்ட கேட்டுச்சு. நெசமாச் சொல்லுடா, பார்த்தியா இல்லையான்னு. பெத்த உம்மாவுக்கே சந்தேகம்."

"என்னைய மன்னிச்சிரு" என்றார் கிதுரு. அதைச் சொல்லும்போதே அந்த வார்த்தை எவ்வளவு மலிவு என்று அவருக்கே கூசியது. "நான் கமிட்டியில போய் எல்லாத்தையும் சொல்லிடுறேன். அந்தப் பிறையையும் சொல்றேன், இந்தப் பிறையையும் சொல்றேன்."

"வேணாம்."

"பக்கீரு..."

"பழசைச் சொல்லி என்ன ஆவப்போவுது, எங்க உம்மா எந்திரிச்சு வரப்போவுதா? புதுசைச் சொன்னா நான் மறுபடியும் புகைப்பிறை. நெசமாப் பார்த்ததை என்கிட்டேருந்து பறிச்சே. இந்தப் பொய்யையாவது எனக்கு விட்டுரு."

கிதுரு தலையாட்டினார். வேறு என்ன செய்ய முடியும்? அவரிடம் பக்கீர் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

இரண்டு மாதம் கழித்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கான பிறை வந்தது. அன்று பகலே கிதுரு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பஞ்சாங்கத்தை எடுத்தார். பிறை எத்தனை விரல் உயரத்தில் நிற்கும், எத்தனை நிமிடம் நிற்கும், எந்தக் கொம்பு ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டு மனப்பாடம் செய்தார். பக்கீரின் சில்லு காட்டப்போவதும் இதைத்தான். அவர் சொல்வதோடு ஒரு விரல்கூடப் பிசகக் கூடாது. பரீட்சைக்குப் பிட் தயாரிக்கும் பையனைப்போல உதடு முணுமுணுத்தது. மைமூன் கதவைத் தட்டி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

மாலை உப்பளக் கரையில் காற்று ஈரமாக அடித்தது. அவருக்கு மேலே எப்போதும்போலச் சாம்பல். "மேகமால்ல இரிக்கு" என்று பக்கத்தில் யாரோ சலித்துக்கொண்டார்கள். பத்தடி தள்ளி பக்கீர் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார், வாயைத் திறக்கவில்லை. தயங்குகிறார், நான் முதலில் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார் என்று கிதுரு நினைத்தார். விரலை நீட்டினார்.

"அதோ. தெரியுது."

வானத்தைப் பற்றி அவர் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது. நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பள்ளிவாசலில் முதலில் அவரை விசாரித்தார்கள். மூன்று விரல், பதினெட்டு நிமிடம், தெற்குக் கொம்பு. யூனுஸ் ஆலிம் திருப்தியோடு தலையாட்டினார். அடுத்து பக்கீர் உள்ளே போனார். கிதுரு வெளியே, தொழுகைக்குமுன் கைகால் கழுவும் ஹவுதுக் கரையில் உட்கார்ந்திருந்தார். பக்கீர் போன வேகத்திலேயே திரும்பி வந்து, அவர் பக்கத்தில் குனிந்து செருப்பை மாட்டினார்.

"என்ன சொன்னே?" என்று கிதுரு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மேகம் அடைச்சிக் கிடந்துச்சு, ஒண்ணும் பார்க்கலன்னு சொன்னேன்."

கிதுருவுக்குப் புரியவில்லை. "உனக்குத்தான் தெரிஞ்சிருக்குமே. சில்லு காட்டியிருக்குமே."

"நீ வந்து சொல்லிட்டுப் போன மறுவாரமே நானும் திருநெல்வேலிக்குப் போனேன். வானத்தை எடுக்கச் சொல்லிட்டேன். பார்க்காததைப் பார்த்தேன்னு நான் என்னைக்குச் சொன்னேன், இன்னைக்குச் சொல்ல?"

"விட்டுருன்னு நீதானே கேட்டே? உனக்காகத்தானே நான்..."

"கேட்டேன். பொய்யில உன்னால அவ்வளவு தூரம் போக முடியுமான்னு பார்க்கணும் போல இருந்துச்சு." பக்கீர் நிமிர்ந்தார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "போயிட்டே."

அவர் தெருவில் இறங்கி நடந்தார். உள்ளேயிருந்து கிதுருவைக் கூப்பிட்டார்கள்.

கமிட்டி மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை அவருக்குத் தெரிந்ததுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஒருவர் தாடிக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததுகூடத் தெரிந்தது. சில்லு முகங்களை நன்றாகவே காட்டும். ஆலிம்சா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கிதுருவின் மேல் மெய்யான மரியாதை உண்டு, அதனால் கஷ்டப்பட்டு வார்த்தை தேடினார்.

"கிதுரு காக்கா, பக்கீர் ஒண்ணும் பார்க்கலைங்கிறாரு. கரையில நின்ன மத்தவங்களும் மேகம்கிறாங்க. நீங்க மட்டும் கொம்பு வரைக்கும் சொல்றீங்க." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நீங்க பொய் சொல்ற ஆளு இல்லைன்னு இந்த ஊருக்கே தெரியும். யந்திரக் கோளாறா இருக்குமோ?"

ஆலிம்சா தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தார். கிதுரு நுழைந்தால் மட்டும் போதும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அந்த நேரத்துக்கு எல்லாமே இருட்டாகி, யார் முகமும் தெரியாமல் போனது நிம்மதியாக இருந்தது. ஆறு வருடம் ஓயாமல் பொய் காட்டிய அந்தச் சில்லு, இன்றைக்குச் சாம்பலைச் சாம்பல் என்றுதான் காட்டியது. இன்று அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ஆமா ஆலிம்சா" என்றார் கிதுரு முகைதீன். "யந்திரம்தான் என்னமோ பண்ணுது."